வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

1

சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் இருக்கும் என் நண்பன் ரவி போன கிழமை தொலைபேசியில் பிடித்தான். பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு இந்தோனேசியா போகிறானாம்.

“மச்சான், நீ போன வருசம் போட்டு வந்தனிதானே. என்ன ஊசி போடவேணும், என்ன உடுப்புக் கொண்டுபோகவேணும், எங்க வாயைப் பொத்திக்கொண்டிருக்கவேணும் எண்டு ஒரு லிஸ்ட் எழுதி அனுப்படா.”

“இன்ரநெற்றில எல்லாம் கிடக்குதடா.”

“அதில நூறு பேர் நூறு மாதிரி எழுதி வைச்சிருக்கிறாங்கள். நீ அங்க இருந்தவன்.”

அங்கே இருந்தவன் என்பது உண்மைதான். பதினாறு வருடங்களுக்கு முன்னர், படகுக்குக் காத்துக்கொண்டு, ஜாவாத் தீவின் சின்னக் கடற்கரை ஊர் ஒன்றில் ஐந்து மாதம் இருந்தேன். சுற்றுலா என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை தேநீரோடு உட்கார்ந்து பட்டியலை எழுதத் தொடங்கினேன். ஊசி, கொசு என்று இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவதாக ‘வயிறு’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதன் பிறகு எழுதியதைப் பட்டியல் என்று சொல்லமுடியாது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பயணக் குறிப்புகளும் இதற்குள்ளேதான் கிடக்கின்றன, கொஞ்சம் கிண்டி எடுக்கவேண்டி வரும்.

2

முதலில் வைத்தியர். புறப்பட ஆறு கிழமைக்கு முன்னரே போய்விடுங்கள். சில ஊசிகள் உடம்பில் வேலைசெய்ய நாள் எடுக்கும். மெல்பேர்ணில், நாங்கள் இருக்கும் வெரிபீயில், எங்கள் வைத்தியர் ஈரல் அழற்சிக்கு ஒன்று, நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபொயிட்டுக்கு ஒன்று, பழைய ஏற்பு (டெற்றனஸ்) ஊசியின் காலம் முடிந்துவிட்டதென்று அதற்கும் ஒன்று போட்டார். எனக்கும் மனைவி சுகந்திக்கும் மகள் ஆரணிக்கும் ஒரே நாளில். மூவரும் கையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வைத்தியர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார், அந்த நாட்டுக்கு முன்னர் போயிருக்கிறீர்களா, அங்கே வயிற்றுக் கோளாறு ஏதும் வந்ததா என்று.

“வந்தது. ஐந்து மாதம் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வயது ஆரணி கதிரைக்குள் புதைந்துகொண்டு, “அப்பா, ப்ளீஸ்... டோன்ற் பீ வியர்ட்” என்றாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். நான் சொன்னது முழு உண்மை.

மிச்சக் குறிப்புகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடாது, பல் விளக்குவதற்கும் போத்தல் தண்ணீர்தான். தெருவோரக் கடையில் ஐஸ் வேண்டாம். கண்ணுக்கு முன்னால் கொதிக்கக் கொதிக்கச் சமைத்ததை நம்பிச் சாப்பிடலாம். டெங்கு இருக்கிற இடம், பகலிலும் கொசு மருந்து பூசுங்கள். ஊரில் ஜீவனி என்று கலக்கிக் குடிப்போமே, அந்த உப்புச் சீனித் தூளில் நாலு பை எடுத்துப்போங்கள். மாத்திரைகளை அதனதன் பெட்டியோடு, வைத்தியரின் கடிதத்தோடு கொண்டுபோங்கள். இங்கே சாதாரணமாக வாங்கும் சில நோவு மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

3

இனி அந்த வெள்ளிக்கிழமை விசயம்.

காசு வாங்கிப் படகேற்றிவிடுகிற ஏஜென்சிக்காரன், என்னை அந்த ஊரில் கொண்டுபோய் விட்டவன், வானுக்குள் வைத்தே சொல்லிவிட்டான்: “தம்பி, இந்தச் சனம் முழுக்க முஸ்லிம். நீயும் முஸ்லிம் எண்டு சொல்லியிருக்கிறன். பேர் ரஹீம். அப்பத்தான் இடம் கிடைக்கும். உளறிப்போடாத.”

அவன் சொன்னது பொய் என்று பின்னர் தெரிந்தது. அந்த ஊரில் எந்த மதத்துக்காரனுக்கும் இடம் கிடைத்திருக்கும். ஆனால் பயந்துபோய் இருக்கிறவனுக்கு யார் எதைச் சொன்னாலும் வேதவாக்குத்தான். யாழ்ப்பாணத்துச் சிறீஸ்கந்தராசா அன்று பின்னேரம் ரஹீம் ஆனான்.

வீட்டுக்காரி பெயர் ஹலீமா. கணவனை இழந்தவர். வீட்டின் முன்பக்கத்தில் சின்னச் சோற்றுக்கடை வைத்திருந்தார், பின்னறையை எனக்குத் தந்தார். அங்கே வயதில் மூத்த பெண்களை ‘இபு’ என்று கூப்பிடுவார்கள், அம்மா என்ற மாதிரி. நானும் இபு என்றேன். சும்மா இருக்க வெட்கமாக இருந்ததால் கடையில் கோப்பை கழுவினேன், வெங்காயம் உரித்தேன், வாழையிலையில் சோறு கட்டப் பழகினேன். இன்றைக்கு மெல்பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் நான் சமையற்காரன். அந்த உத்தியோகத்துக்கு நான் படித்த பள்ளிக்கூடம் இபுவின் கடைதான்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் ஊர் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போகிறார்கள். ரஹீமும் போகத்தானே வேண்டும்? எனக்குத் தொழத் தெரியாது. தெரியாத வழிபாட்டில் போய் நின்று நடிப்பதற்கும் மனம் வரவில்லை. பொய் சொல்கிறவனுக்கும் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. போதாததற்கு வெள்ளிக்கிழமை இபுவின் கடையில் விசேட கறி மாட்டிறைச்சி, தொழுகை முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். எனக்கோ வெள்ளிக்கிழமை என்றால் சின்ன வயதிலிருந்து மரக்கறி. மீன்கூடத் தொடமாட்டேன்.

பள்ளிவாசலுக்கும் போகமுடியாது, மாட்டிறைச்சியும் தின்னமுடியாது. பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டேன்.

இபு பதறிப்போனார். மஞ்சளும் புளியும் இடித்து, ஏதோ வேரும் போட்டு, ஒரு கோப்பை நிறையக் கஷாயம் கொண்டுவந்து வைத்தார். அப்படி ஒரு கைப்பு நான் அறியேன். அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார், கடைசித் துளிவரை குடித்தேன். இரண்டு மணிக்கு வயிறு சுகமாகிவிட்டது. அடுத்த வெள்ளியும் அதே பதினொரு மணி, அதே கஷாயம். ஐந்து மாதமும் இதே கதைதான்.

ஒரு மாற்றம் வந்தது. மூன்றாவது வெள்ளியிலிருந்து எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக மூடி வைத்தார். சோறு, பொரித்த தெம்பே, கீரை. தெம்பே என்பது சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி. இறைச்சி இல்லை, மீனும் இல்லை. நோயாளிக்குப் பத்தியம் போடுகிறார் என்று நினைத்து, நான் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

நோன்பு மாதமும் இடையில் வந்தது. அதற்கும் வயிற்றைச் சாட்டியிருக்கலாம். ஆனால் பகல் முழுக்கப் பசியோடு நின்று மற்றவர்களுக்காகச் சமைக்கிற அந்த மனுசிக்கு முன்னால் எனக்கு மென்று விழுங்க முடியவில்லை. முப்பது நாளும் நானும் பிடித்தேன், அந்த வெள்ளிகளில் கஷாயமும் தட்டும் பொழுதுபட்ட பிறகுதான் வந்தன. என் ஐந்து மாதத்தில் உண்மையாகச் செய்தது அது ஒன்றுதான். ரவி, குறித்துக்கொள்: நோன்பு மாதத்தில் போனால் பகலில் தெருவில் நின்று சாப்பிடாதே. ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதனால்தான் சாப்பிடக்கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏஜென்சியின் வான் வந்தது. இபு சந்தைக்குப் போயிருந்தார். ‘பத்து நிமிசம் நில்லுங்கோ’ என்று கெஞ்சினேன், நிற்கவில்லை. நானும் குதித்து இறங்கவில்லை. போட்டு வாறன் என்ற ஒரு சொல்கூடச் சொல்லாமல், பொய்ப் பெயரையும் பொய் நோவையும் அங்கேயே விட்டுவிட்டுக் கடலேறினேன்.

4

ஆஸ்திரேலியா வந்த பிறகு வில்லாவுட் தடுப்பு முகாமிலும் வெளியிலும் நான் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கும்: வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா?

ஒவ்வொரு தடவையும் ‘ரஹீம்’ என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘பயம்’ என்று எழுதினேன். அகதி நேர்காணலில் ஒரு பெண் அதிகாரி, நல்ல மனுசி, மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கேட்டார்: “இந்தப் பெயரால் உங்களை அழைத்தது யார்?”

“எனக்குச் சோறு போட்டவர்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னாரோ தெரியாது, அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நாட்களில் எத்தனையோ பேர் என் வாயாக இருந்து என் கதையைச் சொல்லித் தந்தார்கள். ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். அவர்கள் புண்ணியத்தில்தான் இன்று வெரிபீயில் எனக்கு ஒரு வீடும், பின்வளவில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருக்கின்றன.

கடவுச்சீட்டு வந்தது. வந்தும் மூன்று வருடம் அலுமாரிக்குள் கிடந்தது. வேலை, விடுமுறை இல்லை, மகள் சின்னப் பிள்ளை என்று சுகந்திக்குச் சாட்டுச் சொன்னேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். இபு என்னைப் பார்த்து ‘நீ பொய்யன்’ என்றால் என்ன செய்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் இல்லாமல் போயிருந்தால் யாரிடம் சொல்வது?

ஆரணிதான் அந்த அலுமாரியைத் திறக்கவைத்தாள். இங்கே விக்டோரியாவில் பல பள்ளிகளில் இந்தோனேசிய மொழி ஒரு பாடம், அவள் முதலாம் வகுப்பிலிருந்து படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும், ஆனால் இந்தோனேசியத்தில் பாட்டே பாடுவாள். ஒரு பின்னேரம் மேசையில் இருந்து பாடமாக்கிக்கொண்டிருந்தாள்: “பெருட் சாயா சாக்கிட், பெருட் சாயா சாக்கிட்.” என் வயிறு வலிக்கிறது.

நான் வெங்காயம் வெட்டியபடியே, “அப்பிடி இல்லையம்மா. வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு, முனகி, ‘அடூ, இபூ...’ எண்டு தொடங்கவேணும்” என்று சொல்லிக் காட்டினேன்.

புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, ஹவ் டூ யூ நோ இண்டோனீசியன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைக்கு நான் படகில் வந்தவன் என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் சொன்னதில்லை.

5

புறப்படும் ஏற்பாட்டில் சுகந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அங்க நான் பொட்டு வைக்கலாமோ? உங்களுக்கு ஏதும் கரைச்சலோ?”

“வையும். நல்லாப் பெரிசா வையும். இந்த முறை ஒண்டையும் ஒளிக்கப்போறேல்லை” என்றேன்.

ரவியின் பெண்சாதிக்கும் இதுவேதான் பதில். பொட்டுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சந்தையில் ஒரு பெண் வடிவாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பாக இருந்தால் போதும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தரவேண்டிய பாடமில்லை. வலக்கையால்தான் கொடுப்பதும் வாங்குவதும், அதுவும் நம் வழக்கம்தான். பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், அவர்கள் நீட்டினால் தொடுங்கள், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால் போதும். சின்னப் பிள்ளைகளின் தலையைத் தடவாதீர்கள். சுட்டு விரலால் காட்டாதீர்கள், பெருவிரலை நீட்டிக் காட்டுங்கள். குடிக்க ஏதாவது முன்னால் வைத்தால் வீட்டுக்காரர் ‘சிலாக்கன்’ என்று சொல்லும்வரை பொறுங்கள், எடுங்கோ என்று அர்த்தம். வெள்ளி மதியம் கடைகள் கொஞ்ச நேரம் மூடியிருக்கும். இதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். நான் அங்கே தவறவிட்டது இதில் ஒன்றிலும் இல்லை.

6

ஜகார்த்தாவிலிருந்து காரில் ஆறு மணித்தியாலம். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு போய் இறங்கினோம். வழி முழுக்க ஆரணிக்குக் கதையைச் சொல்ல முயன்றேன், ரஹீம் என்ற பெயர் வரும் இடத்துக்கு முன்னரே நிறுத்திவிட்டேன்.

கடை இருந்தது. புதிய பெயர்ப்பலகை, வாசலில் உட்கார அதே பழைய மர வாங்கு. கல்லாவில் இருந்த இளம் பெண்ணிடம் ஆரணி, “இபு ஹலீமா இருக்கிறாரா?” என்று கேட்டாள். அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பெருவிரலால் உள்ளே காட்டினாள்.

உள்ளே இபு ஒரு கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் தலை பாதி வழுக்கை, வயிறு முன்னுக்கு வந்துவிட்டது, அடையாளம் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

“வயிறு சுகமா?” என்றார்.

என்னிடம் இருப்பது கோப்பை, சோறு, கழுவு, எவ்வளவு என்கிற கடை மொழி. நான் சொல்ல வந்ததற்கு அது போதாது. ஆரணியிடம் திரும்பினேன்.

“அம்மா, நான் சொல்லுறதை அப்படியே சொல்லு. என்ர பேர் ரஹீம் இல்லை.”

“வாட்?”

“சொல்லு பிள்ளை. நான் முஸ்லிம் இல்லை, சைவம். இருக்க இடம் தரமாட்டினம் எண்டு பயந்து பொய் சொன்னனான். வயித்துவலியும் பொய். அவா தந்த மருந்தெல்லாம் பொய் நோவுக்குக் குடிச்சனான். ஐஞ்சு மாதம் சோறு போட்டவாக்குப் பொய் சொல்லிப்போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனனான். மன்னிப்புக் கேக்க வந்தனான் எண்டு சொல்லு.”

ஆரணி என்னை அப்படிப் பார்த்ததில்லை. என்னுடைய தமிழை இவ்வளவு கவனமாக அவள் கேட்டதும் இல்லை. “அப்பா, சைவம்... வெஜிட்டேரியனா, ரிலிஜனா?” என்று மெதுவாகக் கேட்டாள். “ரெண்டும்தான்” என்றேன். அவள் இபுவின் பக்கத்தில் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இபு முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கல்லாவில் இருந்த மருமகளையும் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“எந்த வயிறு மகனே கிழமை பார்த்து நோகும்? மணிக்கூடு பார்த்துச் சுகமாகும்? வருத்தக்காரன் மூன்று தரம் சோறு வாங்குவானா? எனக்கு இரண்டாவது வெள்ளியே தெரியும்.”

“அப்போ ஏன் கேக்கேல்லை எண்டு கேள்” என்றேன்.

ஆரணி கேட்டாள். இபு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார். எனக்கே விளங்கியது, ஆனாலும் ஆரணி தமிழில் சொல்லிப் பார்த்தாள், சொல்லுக்குச் சொல் தேடி:

“அவா சொல்லுறா... நீங்க பயத்திலதான் மறைச்சனீங்கள். நான் கேட்டால் நீங்க இன்னொரு பொய் சொல்லவேணும். ஏன் ஒரு பிள்ளையை... திரும்பப் பொய் சொல்ல வைக்கவேணும் எண்டு.”

சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மறைக்கவில்லை, அழுதேன். என் குசினியில் ஒவ்வொரு முதியவரின் தட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. இன்னார் பன்றி சாப்பிடமாட்டார், இன்னாருக்கு மாடு ஆகாது என்று எழுதியிருக்கும். எழுதாத அட்டையை வாசித்து, எனக்கென்று ஒரு தட்டை மூடி வைத்த மனுசிக்கு நான் பதினைந்து வருடம் பயந்திருக்கிறேன்.

அதற்குள் மருமகள் ஒரு தட்டத்தோடு வந்தாள். சோறு, பொரித்த தெம்பே, கீரை. மூவருக்கும். “இன்றைக்கு வெள்ளி” என்றார் இபு. பக்கத்தில் மூன்று கோப்பை. ஆரணி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினாள், ஆனாலும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. கைப்பு மாறவே இல்லை.

7

“சரி, உண்மையான பெயர் என்ன?” என்று இபு கேட்டார்.

சிறீஸ்கந்தராசா என்றேன். அவர் கையை விரித்தார். மெல்பேர்ணிலும் இதே பாடுதான், வேலையிடத்தில் வெட்டிச் ‘சிறீ’ ஆக்கிவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். சிறீ என்று சுருக்கமாகச் சொல்லலாம் என்றேன். அது அங்கே பெண்களின் பெயராம், பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும் அதுதானாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆரணியைக் கொண்டு துண்டு துண்டாகச் சொல்லவைத்து, பின்னால் சொல்லிச் சொல்லிப் பழகினார். சிறீ, ஸ்கந்த, ராசா. ஆறேழு தரம்.

“ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்?” என்று ஆரணி கேட்டாள்.

இபு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: உன் அப்பா கடலில் போனதை ஊரில் சொன்னார்கள். அன்றிலிருந்து தொழுது முடித்ததும் கேட்கிறேன், அந்தப் பிள்ளையைக் கரை சேர்த்துவிடு என்று. ரஹீம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் பெயர் அதில்லை என்று எனக்குத் தெரியும், இறைவனுக்கும் தெரியும். உண்மைப் பெயரும் எனக்குத் தெரியாது. அதனால் ‘வெள்ளிக்கிழமை வயிற்றுவலிப் பிள்ளை’ என்றுதான் சொல்லிவருகிறேன்.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான பாங்கு கேட்டது. இபு மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். நானும் சுகந்தியும் வெளி வாங்கில் இருந்தோம். ஆரணி மட்டும் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்தாள். தொழுகை முடிந்து, இபுவின் குரல் தாழ்ந்து, அரபியிலிருந்து அவருடைய சொந்த மொழிக்கு மாறியது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆரணி எழுந்து வந்து என் பக்கத்தில் நெருங்கி இருந்தாள். தானாகவே, தமிழில், காதுக்குள் சொன்னாள்:

“அப்பா, உங்கட பேரைச் சொல்லுறா. முழுப் பேரையும்.”